காலுக்கு 45 சதவீதம், பிழைப்புக்கு எத்தனை சதவீதம்?

கோர்ட் வளாகத்தில் 'எம்.சி.ஓ.பி. கேஸ்' என்று பேசிக்கொள்வார்கள். சாலை விபத்தில் அடிபட்டவரோ, இறந்தவரின் குடும்பமோ நஷ்டஈடு கேட்டுப் போடும் மனுவுக்கு அந்தப் பெயர். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆவது பிரிவில் இதற்கு வழி இருக்கிறது. விசாரிப்பது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். பெயர் பெரிதாக இருந்தாலும், பெரும்பாலும் நம் மாவட்ட நீதிமன்றக் கட்டடத்தில் இருக்கும் நீதிபதிகளில் ஒருவர்தான் அதையும் பார்ப்பார்.

கடந்த சில மாதங்களாக இந்தத் தீர்ப்புகளை எடுத்து வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் இதில் நடக்கும் கணக்கு எட்டாம் வகுப்புக் கணக்குதான். பெருக்கத் தெரிந்தால் போதும். அந்தக் கணக்கு தெரியாததால்தான் நம்மூரில் பலர் 8 லட்சம் வர வேண்டிய இடத்தில் 2 லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். இறந்தவர் வழக்கைப் பற்றி இங்கே அதிகம் பேசப்போவதில்லை. அடிபட்டு உயிரோடு இருப்பவரின் வழக்குதான் இதைவிடக் குழப்பமானது. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதலில் யார் கொடுக்க வேண்டும் என்பது. மோதிய வண்டியின் டிரைவர், ஓனர், அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் கொடுத்த கம்பெனி ஆகியோரை எதிர்மனுதாரர்களாகச் சேர்ப்பார்கள். ஓனர் பெரும்பாலும் கோர்ட் பக்கமே வரமாட்டார். கடைசி வரை சண்டை போடுவது இன்சூரன்ஸ் கம்பெனிதான், பணம் கட்டப்போவதும் அதுதான். டிரைவரிடம் லைசென்ஸ் இல்லை என்றால் உங்களுக்குப் பணம் கிடைக்காது என்று சிலர் பயமுறுத்துவார்கள். 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பேசிவிட்டது. அடிபட்ட மூன்றாம் நபருக்குக் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு, பிறகு ஓனரிடம் வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாயம் உத்தரவு போடலாம்.

இங்கே ஒரு முக்கியமான விலக்கு. நீங்கள் ரோட்டில் நடந்துபோனவர், எதிரே பைக்கில் வந்தவர் என்றால் மோதிய காரின் வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியே போதும். அதே காருக்குள் உட்கார்ந்திருந்தவர் என்றால் கதை வேறு. அந்தக் காருக்கு முழு பாலிசி இருந்தால்தான் உள்ளே இருந்தவருக்குக் கம்பெனி பொறுப்பு. 2012இல் பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த இரண்டு பாலிசிகளையும் பிரித்துக் காட்டியது. சொந்தக்காரர் காரில் ஓசியில் போய் அடிபட்டவர்கள், முதலில் அந்த பாலிசிக் காகிதத்தை வாங்கிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, எதிராளி அஜாக்கிரதையாக ஓட்டினார் என்று காட்டுவது. கிரிமினல் கேஸ் போல சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். எஃப்.ஐ.ஆர்., ஸ்பாட்டின் மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, குற்றப்பத்திரிகை இவையெல்லாம் துணைக்கு வரும். ஆனால் என்னைக் கேட்டால், இவை எல்லாவற்றையும்விட உயிரான காகிதம் ஒன்று இருக்கிறது. அது ஆஸ்பத்திரியில் எழுதும் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர், சுருக்கமாக ஏ.ஆர். காப்பி. அவசரச் சிகிச்சைப் பிரிவில் ஸ்ட்ரெச்சர் போய்ச் சேர்ந்ததும் டியூட்டி டாக்டர் "எப்படி அடிபட்டுச்சு?" என்று கேட்பார். கூட வந்தவர் பதற்றத்தில் "பைக்ல போனாரு, விழுந்துட்டாரு" என்று சொல்லியிருப்பார். டாக்டர் அதையே எழுதிக்கொள்வார். இரண்டு வருஷம் கழித்து இன்சூரன்ஸ் வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்: கார் மோதவே இல்லை, தானாக விழுந்தவர், பிறகு தெரிந்த ஒரு காரைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள் என்று. போலி வழக்குகளும் நடக்கத்தான் செய்கின்றன, அதனால் நீதிபதிக்கும் அந்த வாதம் காதில் ஏறும். எனவே ஆஸ்பத்திரியில் யார் கூட இருந்தாலும், என்ன வண்டி மோதியது, எந்த இடம், எத்தனை மணி என்ற மூன்றையும் சொல்லிவிட வேண்டும். வண்டி நம்பர் தெரிந்தால் அதையும்.

எஃப்.ஐ.ஆர். சில நாள் தாமதமானால் வழக்கே போய்விடும் என்றும் ஒரு பயம் உண்டு. உயிருக்குப் போராடுகிறவரை விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடச் சொல்ல முடியாது என்ற அர்த்தத்தில் 2011இலேயே ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. தாமதம் மட்டுமே வழக்கைக் கொல்லாது. ஏன் தாமதம் என்று நம்பும்படி சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதேபோல பைக்கில் மூன்று பேர் போனார்கள் என்பதற்காக மட்டும் இழப்பீட்டில் ஒரு பங்கை வெட்டக் கூடாது என்று 2020இல் முகமது சித்திக் வழக்கில் சொன்னார்கள். மூன்று பேர் போனது விபத்துக்கு எப்படிக் காரணமாயிற்று என்று காட்டினால்தான் வெட்டலாம்.

இப்போது கணக்கு.

அடிபட்டவருக்குக் கிடைக்கும் தொகை ஒரே தலைப்பில் வராது. மருத்துவச் செலவு, ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த வண்டிச் செலவு, சத்தான உணவு, கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கான தொகை, வேலைக்குப் போகாத மாதங்களின் வருமானம், வலியும் வேதனையும் என்று வரிசையாகப் போகும். நம்மூர்த் தீர்ப்புகளில் 'உடைகளுக்கு ஏற்பட்ட சேதம்' என்று ஒரு வரி வரும், பெரும்பாலும் ஆயிரம் ரூபாய். கால் போனவர் வழக்கிலும் அந்த ஆயிரம் தவறாமல் இருக்கும். படிக்கும்போது ஒரு மாதிரி இருக்கிறது. பார்த்துக்கொண்டது பெண்டாட்டியோ அம்மாவோ என்றாலும் அந்தச் செலவைக் கேட்கலாம். அவர்கள் சம்பளம் வாங்கவில்லை என்பதால் அவர்கள் உழைப்பு இலவசம் ஆகிவிடாது. மருந்துச் சீட்டும் பில்லும் ஒரிஜினலாக வேண்டும். மருந்துக்கடை பில்லின் மை ஆறு மாதத்தில் மங்கிப்போகும், அதனால் வாங்கிய அன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்துவைப்பது நல்லது.

இதெல்லாம் சின்னத் தொகைகள். வழக்கின் கனமே அடுத்த தலைப்பில்தான்: நிரந்தர ஊனத்தால் இனிமேல் குறையப்போகும் வருமானம். இதற்கு 2010 அக்டோபரில் வந்த ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். டெல்லியில் சீஸ் விற்றுப் பிழைத்தவர். 1991இல் விபத்து, இடது காலிலும் கையிலும் எலும்பு முறிவு. மருத்துவச் சான்றிதழ் இடது காலுக்கு 45 சதவீத ஊனம் என்றது. உச்ச நீதிமன்றம் இதை மூன்று படியாகப் பிரித்தது. ஒரு காலுக்கு 45 சதவீதம் என்றால் உடம்பு முழுவதற்கும் 45 ஆகாது, உடம்புக்கு 25 என்று வைத்தார்கள். உடம்புக்கு 25 என்றால் வருமானத்திலும் 25 போகும் என்று அர்த்தமில்லை. சிரமப்பட்டாவது அவர் வியாபாரத்தைத் தொடர முடியும், எனவே வருமான இழப்பு 20 சதவீதம். மாத வருமானம் 1,500 என்று எடுத்து, வருஷத்துக்கு 18,000, அதில் 20 சதவீதம் 3,600, அதை 18ஆல் பெருக்கி 64,800 ரூபாய்.

இந்தத் தீர்ப்பை இன்சூரன்ஸ் தரப்பு சதவீதத்தைக் குறைக்கப் பயன்படுத்தும். ஆனால் அதே தர்க்கம் மறுபக்கமும் வெட்டும். ஊனம் குறைவாக இருந்தாலும் தொழிலே போய்விட்டால் இழப்பு நூறு சதவீதம் ஆகலாம். 2018இல் ஜகதீஷ் எதிர் மோகன் வழக்கில், தச்சு வேலை செய்த ஒரு இளைஞரின் இரண்டு கைகளுக்கும் 90 சதவீத ஊனம் என்று சான்று. கையால் பிழைப்பவருக்குக் கையே போன பிறகு மிச்சம் 10 சதவீதம் எதற்கு? நூறு சதவீதம் என்றே கணக்கிட்டார்கள். டாக்டர் சொல்வது உடம்பின் கணக்கு. பிழைப்பின் கணக்கை நீதிபதி போட வேண்டும், அதற்கான சாட்சியத்தை நாம் கொடுக்க வேண்டும்.

பெருக்கும் எண் எங்கிருந்து வருகிறது? 2009 சர்லா வர்மா தீர்ப்பில் வயது வாரியாக ஒரு அட்டவணை இருக்கிறது. 15 முதல் 25 வயது வரை 18. 26–30க்கு 17, 31–35க்கு 16, 36–40க்கு 15, 41–45க்கு 14, 46–50க்கு 13. பிறகு இரண்டிரண்டாக இறங்கி 11, 9, 7, கடைசியில் 65 தாண்டியவருக்கு 5. இதோடு, வருங்காலத்தில் சம்பளம் ஏறும் என்பதற்காக ஒரு கூடுதல் உண்டு. 2017 பிரணய் சேத்தி தீர்ப்பின்படி சொந்தத் தொழில் செய்பவருக்கும் நிலையான சம்பளக்காரருக்கும் 40 வயதுக்குள் 40 சதவீதம், 40–50க்கு 25, 50–60க்கு 10. நிரந்தர வேலையில் இருப்பவருக்கு இது 50, 30, 15. அது மரண வழக்குகளுக்குத்தானே என்று கம்பெனிகள் நீண்ட நாள் வாதாடின. 2020இல் பப்பு தேவ் யாதவ் வழக்கில் காயமடைந்தவருக்கும் உண்டு என்று தெளிவாகிவிட்டது. இன்னொன்று: மரண வழக்கில் இறந்தவரின் சொந்தச் செலவு என்று மூன்றில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு கழிப்பார்கள். உயிரோடு இருப்பவர் சாப்பிட்டாக வேண்டும் என்பதால் அவர் வழக்கில் அந்தக் கழிவு கிடையாது.

இந்த ஆராய்ச்சியெல்லாம் எனக்கு எதற்கு என்று கேட்டால், என் சித்தி மகனுக்காகத்தான். எலக்ட்ரீசியன், விபத்து நடந்தபோது வயது 34. பைக்கில் போனவன் மேல் கார் மோதி வலது கால் இரண்டு இடத்தில் உடைந்து கம்பி வைத்திருக்கிறார்கள். மருத்துவக் குழு 30 சதவீதம் என்று சான்று கொடுத்தது. ஒரு நாள் ராத்திரி போன். "அண்ணே, லோக் அதாலத்துல வச்சு மூணு லட்சம் தர்றாங்களாம். வக்கீல் வாங்கிக்கிடலாம்ங்கிறாரு. என்ன செய்யட்டும்?" கணக்குப் போடாமல் கையெழுத்து வேண்டாம்டா என்று மட்டும் சொன்னேன்.

மாத வருமானம் 15,000 என்று எடுத்தால், 40 சதவீதம் கூட்டி 21,000. வருஷத்துக்கு 2,52,000. பதினாறால் பெருக்கினால் 40,32,000. ஏணி ஏற முடியாத எலக்ட்ரீசியனுக்கு வருமான இழப்பு 20 சதவீதம் என்று தீர்ப்பாயம் வைத்தால் 8,06,400 ரூபாய். சான்றிதழில் உள்ள 30ஐயே ஏற்றுக்கொண்டால் 12,09,600. மருத்துவச் செலவும் மற்றதும் இதற்கு மேல்.

அப்படியிருக்க மூன்று லட்சம் என்ற எண் எங்கிருந்து வந்தது? இங்கேதான் தமிழ்நாட்டில் பழக்கத்தில் இருக்கும் இன்னொரு கணக்கு வருகிறது. சதவீதத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று போடுவது. ஒரு சதவீதத்துக்கு 3,000 முதல் 5,000 வரை வைத்துத் தந்த தீர்ப்புகள் நிறைய இருக்கின்றன. 30 சதவீதத்தை 5,000ஆல் பெருக்கினால் 1,50,000. மருத்துவ பில்லையும் மற்றதையும் சேர்த்தால் மூன்று லட்சத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஒரே கால், ஒரே சான்றிதழ். ஒரு கணக்கில் ஒன்றரை லட்சம், இன்னொன்றில் எட்டு லட்சம். ஊனம் பிழைப்பைப் பாதிக்கவில்லை என்று நினைத்தால் தீர்ப்பாயம் சதவீதக் கணக்குக்குப் போகும், பாதித்தது என்று நம்பினால் பெருக்கும் கணக்குக்கு வரும். வழக்கில் நம் பக்கம் செய்ய வேண்டிய வேலை பெரும்பாலும் இந்த ஒரு புள்ளியில்தான் இருக்கிறது.

அதை எப்படி நம்ப வைப்பது? முதலாவது, சிகிச்சை கொடுத்த டாக்டரே வந்து சாட்சி சொல்வது நல்லது. நோயாளியை ஒரு நாள் மட்டும் பார்த்துவிட்டுச் சான்று எழுதிக்கொடுக்கும் டாக்டர்களைப் பற்றி ராஜ்குமார் தீர்ப்பிலேயே கடுமையாகச் சொல்லியிருக்கிறார்கள். முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது, கால் எத்தனை சென்டிமீட்டர் குட்டையாகிவிட்டது, குந்த முடியுமா, சுமை தூக்க முடியுமா என்று அவர் வாயால் வர வேண்டும். இரண்டாவது, அடிபட்டவர் தன் வேலையை விவரமாகச் சொல்ல வேண்டும். 'கஷ்டப்படுகிறேன்' என்றால் ஒன்றும் புரியாது. ஒயரிங் வேலைக்கு ஒரு நாளில் எத்தனை தடவை ஏணி ஏற வேண்டும், மாடி வேலையை இப்போது ஏன் எடுப்பதில்லை என்று சொன்னால் புரியும். கூட வேலை பார்த்த ஒருவர், வேலை கொடுத்த கான்ட்ராக்டர் யாராவது சாட்சிக் கூண்டில் ஏறினால் இன்னும் நல்லது.

வருமானத்துக்குச் சான்று இல்லையே என்று கவலைப்படுவார்கள். 2014 சையது சாதிக் வழக்கு ஒரு காய்கறி வியாபாரியுடையது, வலது காலை எடுத்தாகிவிட்டது. காய்கறி விற்பவரிடம் போய்ச் சம்பளச் சீட்டு கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்று கூறி, மாதம் 6,500 என்று உச்ச நீதிமன்றமே நிர்ணயித்தது. அது 2008இல் நடந்த விபத்து. ஆனாலும் வங்கிக் கணக்கு, ஜி-பே வரவு, ஐ.டி.ஐ. சான்றிதழ், மின்வாரிய லைசென்ஸ் என்று கையில் இருப்பதைக் கொடுத்தால் ஊகத்துக்கு ஒரு அடித்தளம் கிடைக்கும்.

சமரசமே கூடாது என்பதல்ல என் கருத்து. வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும், கடன் வட்டி ஏறும், நடுவில் பிள்ளை படிப்பு. எட்டு லட்சம் வரக்கூடிய இடத்தில் ஆறரை லட்சம் உடனே கிடைத்தால் நானே வாங்கிக்கொள்ளச் சொல்வேன். ஆனால் லோக் அதாலத்தில் முடிந்தது முடிந்ததுதான், அதற்கு மேல்முறையீடு கிடையாது. அதனால் கையெழுத்துக்கு முன்னாடியே கணக்கு தெரிந்திருக்க வேண்டும். தம்பி கையெழுத்துப் போடவில்லை. டாக்டரைக் குறுக்கு விசாரணை செய்யத் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொரு கண்ணி 164ஆவது பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலேயே பலத்த காயத்துக்கு 2.5 லட்சமும் மரணத்துக்கு 5 லட்சமும் இதில் கிடைக்கும். சாட்சியே இல்லாத வழக்குக்கு இது வரப்பிரசாதம். ஆனால் கம்பெனி முன்வந்து தரும் இந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால், 166இல் போட்ட மனு காலாவதியாகிவிடும். இதைச் சொல்லாமல் காகிதத்தை நீட்டுபவர்கள் உண்டு.

காலக்கெடுவும் அந்தத் திருத்தத்தில் வந்ததுதான். 1994 முதல் மனு போட வரம்பே இல்லாமல் இருந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். இந்த வரம்பை எதிர்த்தும் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள், ஆனால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். போலீசுக்கும் கடமை இருக்கிறது. 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கை, 90 நாளில் விரிவான அறிக்கை தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும், அந்த அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளலாம் என்றும் சட்டம் சொல்கிறது. இதற்கான இ-டார் மென்பொருளை உருவாக்கியதில் நம்ம சென்னை ஐ.ஐ.டி.க்கும் பங்கு உண்டு. எங்கே மனு போடுவது என்றால், விபத்து நடந்த ஊர், நீங்கள் குடியிருக்கும் ஊர், எதிராளியின் ஊர் எதுவும் சரி. ஓசூர் பக்கம் அடிபட்டவர் திருநெல்வேலியில் போடலாம்.

மோதிய வண்டி நிற்காமல் போய், கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அரசுத் திட்டத்தில் பலத்த காயத்துக்கு 50,000, மரணத்துக்கு 2 லட்சம், அவ்வளவுதான். வட்டாட்சியர், கோட்டாட்சியர் நிலை அதிகாரியிடம் விண்ணப்பம் போகும்.

வக்கீல் ஃபீஸ் பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். வரும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசுவது பார் கவுன்சில் விதிப்படி தடை. நடப்பில் என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரி வார்டிலேயே வந்து வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் ஏஜென்டுகளிடம் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள். பெண்கள், பட்டியல் இனத்தவர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானக்காரர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கேட்கலாம். மனுவில் குறைவான தொகை கேட்டுவிட்டார்கள் என்றாலும் பதற வேண்டாம். கேட்டதைவிட அதிகம் கொடுக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2002 நாகப்பா வழக்கில் சொல்லியிருக்கிறார்கள்.

தீர்ப்பு வந்தால் 30 நாளில் பணம் கட்ட வேண்டும். மனு போட்ட நாளிலிருந்து வட்டியும் உண்டு, நம்மூரில் வழக்கமாக 7.5 சதவீதம் போடுகிறார்கள். தொகை குறைவு என்று தோன்றினால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம், ஆனால் பிரச்சினைக்குரிய தொகை ஒரு லட்சத்துக்குக் குறையக் கூடாது. கம்பெனி மேல்முறையீடு செய்வதென்றால் 25,000 ரூபாயோ தீர்ப்புத் தொகையில் பாதியோ, எது குறைவோ அதை முதலில் கட்ட வேண்டும். லட்சக்கணக்கான தீர்ப்புக்கு 25,000 ஒரு தடையே அல்ல, அதனால் மேல்முறையீடுகள் குவிகின்றன.

மோதியது அரசு பஸ் என்றால் கடைசிக் கட்டம் கொஞ்சம் வேறு மாதிரி. சட்டத்தின் 146ஆவது பிரிவு போக்குவரத்துக் கழகங்களுக்கு இன்சூரன்ஸிலிருந்து விலக்கு பெற இடம் தருகிறது, அதனால் கழகமே கட்ட வேண்டும். கழகத்தில் காசு இருக்காது. அப்போது நிறைவேற்று மனு போட்டு, அமீனாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், புறப்படத் தயாராக நிற்கும் பஸ்ஸை ஜப்தி செய்து கோர்ட் வளாகத்தில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். பயணிகள் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு மாறுவார்கள். கிளை மேலாளர் ஒரு பகுதித் தொகையைக் கட்டி, மீதிக்குத் தவணை கேட்டு, பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போவார்.